ஹையா, நான் தப்பு!

தான் சொன்னது தவறு என்று தெரிந்தால் எல்லோருக்கும் முகம் சுருங்கும். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் அப்போது முகம் மலரும். இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு தட்டு. "ஹையா, நான் தப்பு!" என்பாள். குலுக்கலில் பேர் விழுந்தவள் மாதிரி இருக்கும் பார்க்க.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் யாரைப் பற்றியும் ஒரு வரிகூட அவள் வெளியில் விட்டதில்லை. அவளைப் பற்றி மட்டும் நான் கேட்காமல் விடலாமா? கேட்டுவிடலாம் என்றால் எனக்குக் கூச்சம். அதனால் கன்னியம்மாக்கா வைத்த பேரே இருக்கட்டும். ஹையா பாப்பா.

நான் மேனாம்பேட்டில் பேட்டரி வண்டி ஓட்டி வீடு வீடாகக் குப்பை எடுப்பவள். ஒன்பதாவது வரை படித்தேன். கன்னியம்மாக்கா என்னோடு வண்டியில் வருபவள், என்னைவிட மூத்தவள். தெருமுனையில் அவள் "குப்பே!" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது மாடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். எனக்குக் குரலே வராது. விசில் ஊதுவேன், அவ்வளவுதான். பல வருஷம் ஒரே தெருக்களில் போனாலும் என் குரலைக் கேட்ட வீடுகள் குறைவு.

அந்தப் பெண் முதலில் வந்த காலையில் வண்டிகள் நிற்கும் கொட்டகையில் நாங்கள் புறப்படத் தயாராக இருந்தோம். நெட்டையாக, ஒல்லியாக, தலையில் துணியை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூவோடு வந்தாள். முதுகில் போட வேண்டிய பையை வயிற்றுப் பக்கம் மாட்டியிருந்தாள். பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். கன்னியம்மாக்கா டிரைவர் சீட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். இவள் நேராக அக்காவிடம் போனாள்.

"அக்கா, நீங்கதானே இந்த வண்டிய ஓட்டுறவங்க? பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு."

"இன்னாது, நானா? எனக்கு சைக்கிளே ஓட்ட வராது. அதோ தூணுக்குப் பின்னால ஒண்ணு நிக்குது பாரு, அதான் டிரைவரு."

நான் உண்மையிலேயே தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். புது ஆள் வந்தால் என் கால்கள் தாமாகவே தூணைத் தேடிப் போகும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கைதட்டலை முதலில் கேட்டேன். "ஹையா, நான் தப்பு!"

கன்னியம்மாக்கா டீயைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா பாப்பா, தப்புன்றே, சிரிக்கிறே?"

"பின்ன? தெரிஞ்சிடுச்சுல்ல? தெரியாம போயிருந்தா நாள் பூரா தப்பான ஆள்கிட்ட கேள்வி கேட்டுட்டு இருந்திருப்பேன்."

பிற்பாடு ஒருநாள் அதற்கு ஒரு காரணம் சொன்னாள். அவளுடைய அப்பா, அத்தா என்பாள், பூந்தமல்லியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். தராசு ஒரு பக்கம் இழுக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு அத்தா வீட்டுக்குச் சந்தோஷமாக வருவாராம். "தெரியாம இழுத்துட்டு இருந்த நாள்தாம்மா நஷ்டம். தெரிஞ்ச நாள் நஷ்டமில்ல" என்பாராம். காரணம் சொல்லிவிட்டு, "ஆனா எங்க அண்ணனும் அதே வீட்லதான் வளந்தான். அவன் தப்புன்னு சொன்னா அடிக்க வருவான். அதனால இது காரணமா இருக்காது" என்று அதையும் தானே கலைத்துப் போட்டாள்.

அவள் படிப்பைப் பற்றிக் கேட்டு அறிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு தெரு பிடித்தது. எம்.ஏ. படிக்கிறாள், மீடியா. ஒரு விஷயத்தை ஜனங்களிடம் எப்படிக் கொண்டுபோனால் நிலைமை மாறும், பிரச்சாரம் என்பதை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுக்கும் படிப்பு.

"ஊர திருத்தறதுக்கு ஒரு காலேஜா!" கன்னியம்மாக்கா வாயில் கை வைத்தாள். "எத்தினி வருசம்?"

"ரெண்டு வருஷம்க்கா."

"ரெண்டு வருசத்துல ஊரு திருந்திடுமா?"

"ஊரு திருந்துமோ என்னவோ, நான் பாஸாயிடுவேன்."

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு நிஜமான பிரச்சினையை எடுத்துக்கொண்டு, ஒரு நிஜமான இடத்தில் வேலை செய்து, ஏதாவது ஒன்றை மாற்றிக் காட்ட வேண்டுமாம். சின்னதாக இருக்கலாம், ஆனால் மாறியிருக்க வேண்டும். இவள் குப்பையை எடுத்துக்கொண்டாள். சூப்பர்வைசரிடம் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டு எங்கள் வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

நடக்கும்போது நிறைய கணிப்பாள். இந்த வீட்டில் நாய் இருக்கும் என்பாள், இருக்காது. ஹையா. பெரிய பங்களாவில்தான் குப்பையைப் பிரித்துக் கொடுப்பார்கள் என்பாள். பக்கத்து லைன் வீட்டில், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருக்கும் இடத்தில், பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் தனித்தனியாகக் காத்திருக்கும். ஹையா. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்கார்ந்து டப்பாவைத் திறக்கப் போனாள். கன்னியம்மாக்கா முந்திக்கொண்டாள்.

"பாய் ஊட்டுப் பொண்ணு டப்பா. இன்னிக்கு நமக்கு பிரியாணிடீ."

திறந்தால் தயிர் சாதம். ஓரத்தில் மோர் மிளகாய் இரண்டு.

அந்தப் பெண் டப்பாவை அக்கா பக்கம் நகர்த்தினாள். அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தயிர் சாதத்தைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், அப்புறம் பெரிய கைகளை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "ஐயா, நானு தப்பு!" என்றாள். மரத்தில் இருந்த காக்காய்கள் பறந்தன. அன்றைக்கு வைத்த பேர்தான் ஹையா பாப்பா.

அவளுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எதைப் படம் எடுத்தாலும் எடுத்தவுடன் பக்கத்தில் வந்து காட்டுவாள். "பாருங்க. வெச்சுக்கவா, எடுத்துடவா?" என் முகம் வந்த படங்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்னேன். ஒன்றைக்கூட ஏன் என்று கேட்டதில்லை. என் கண் எதிரிலேயே அழித்துவிடுவாள். கடைசியில் அவளிடம் மிஞ்சியது என் கைகள் மட்டும். முடிச்சு அவிழ்க்கும் கைகள், தொட்டி கவிழ்க்கும் கைகள். "இதுவே போதும்க்கா, கையே நல்லா பேசுது" என்பாள்.

அந்தக் கையில்தான் ஒருநாள் கண்ணாடி ஏறியது.

எங்களுக்குக் கையுறை உண்டு. ஆனால் தடிமன். அதைப் போட்டுக்கொண்டு பையின் முடிச்சை அவிழ்க்க முடியாது. முடிச்சு வரும்போது எல்லோரும் கழற்றிவிடுவோம். அன்றைக்கு ஒரு பை, மேலே சாம்பார் சாதம், காப்பித் தூள். கையை உள்ளே விட்டுப் பிரித்தபோது அடியில் உடைந்த டம்ளர். விரலில் ஒரு கோடு. எங்களுக்கு இது மாதத்தில் ஒன்றிரண்டு தடவை நடப்பதுதான். தண்ணீர் ஊற்றித் துணியைச் சுற்றிக்கொண்டேன். அவள் முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, படம் எடுக்கவா?" என்றாள். தலையாட்டினேன். எடுத்தாள். காட்டினாள். "வெச்சுக்கோ" என்றேன்.

அன்றிலிருந்து பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். கண்ணாடி மட்டும்தான். இந்தத் தெருக்களில் குப்பை எடுக்கும் கைகளில் இனிமேல் கண்ணாடி ஏறக் கூடாது. அதைச் செய்துவிட்டால் படிப்பு முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டாள்.

முதலில் ஒரு படம் செய்தாள். என் விரலில் ரத்தம் சொட்டுகிறது. பின்னால் ஒரு சோகமான வீணை. "உங்கள் அலட்சியம், ஒருவரின் ரத்தம்" என்று சிவப்பு எழுத்து. எங்களிடம் காட்டிவிட்டுத்தான் போனில் எல்லோருக்கும் விட்டாள். சாயந்திரத்துக்குள் எங்கெங்கிருந்தோ பார்த்தார்கள். ஹார்ட்டு ஹார்ட்டாக வந்து விழுந்தது. யார் யாரோ அழுதிருந்தார்கள்.

கன்னியம்மாக்கா போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தாள். "இவ்ளோ ஆர்ட்டு உட்டுகீறாங்களே, இவங்கள்லாம் எங்க கீறாங்க?"

"சிங்கப்பூர், துபாய், கோயம்புத்தூர்... எல்லா இடத்துலயும்க்கா."

"அங்கேந்தா பாப்பா நமக்கு குப்ப வருது?"

அவள் சிரித்தாள். ஆனால் கைதட்டவில்லை. ஹார்ட்டுகள் அவ்வளவு வந்திருக்கும்போது தப்பு என்று யாருக்குத்தான் தோன்றும்? எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. என் விரலைத் துபாயில் பார்த்திருக்கிறார்களே.

படம் வெளியான வாரத்திலேயே கன்னியம்மாக்காவின் உள்ளங்கை கிழிந்தது. அதே தெரு. மேலே எலுமிச்சம்பழத் தோல், அடியில் உடைந்த கண்ணாடி ஜாடி. என் கோடு மாதிரி இல்லை இது. ஆட்டோ பிடித்துப் போய்த் தையல் போட்டோம். தையல் போடும்போதும் அக்கா வாய் ஓயவில்லை. "மெதுவாய்யா, இது கைய்யா, கோணி இல்ல" என்று போடுகிறவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் என்னோடு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "நான் தப்பு" என்றாள்.

முன்னால் ஹையா இல்லாமல் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் கேமரா இல்லாமல் வந்தாள். அக்கா இல்லாததால் நான் தனியாக இரண்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, வீட்ல கண்ணாடி ஒடஞ்சா என்ன பண்ணுவீங்க?"

திட்டுகிற குரல் இல்லை. வத்தக்குழம்பு எப்படி வைப்பீர்கள் என்று கேட்கிற மாதிரி. நாலைந்து வீட்டில் "எங்க வீட்ல ஒடையாதும்மா" என்று கதவைச் சாத்தினார்கள். மூன்று மாடி ஃப்ளாட் ஒன்றின் கீழ்வீட்டில் ஓர் அம்மா இருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், புருஷன் கம்ப்யூட்டர் கம்பெனி. இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை. அந்த அம்மா கேள்வியைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டாள்.

"கண்ணாடின்னா நான் சும்மா போட மாட்டேன், கேட்டியளா? ஒரு சில்லு விடாம கூட்டி, கவர்ல போட்டு, அதுக்கு மேல இன்னொரு கவர். அப்புறம் மேல சோறு, கொழம்பு எல்லாத்தையும் கொட்டி, முடிச்சு நல்லா இறுக்கிப் போட்டு, தொட்டிக்கு அடியில தள்ளிருவேன். பிள்ள இருக்குல்லா, கைய வச்சிரக் கூடாது. தெருவுல மாடு வேற வாய வைக்கும்."

அவ்வளவு அக்கறையாக, ஒரு குறையும் விடாமல் சொன்னாள். அந்தப் பெண் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக அந்தக் கைகள் மேலே வந்தன. தட்டப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஹையா, நான் தப்பு!"

குழந்தை பயந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அலட்சியம்னு எழுதினேனே! இது அலட்சியமே இல்ல! இவ்ளோ பத்திரமா பண்றீங்க! எல்லாரும் பத்திரமாத்தான் பண்றாங்க!"

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்து, "அந்த இன்னொரு அக்கா எங்க, காணோம்?" என்றாள். என் உள்ளங்கையை விரித்து, அக்காவுக்குத் தையல் போட்ட இடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். "கண்ணாடி" என்றேன்.

"அந்தப் பைய நீங்க திறப்பியளா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "வண்டியில போட்டா அப்படியே போயிரும்னுல்லா நினைச்சேன்."

அக்காவின் கையைக் கிழித்தது எந்த வீட்டுப் பை என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அந்தப் பெண் முயலவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கண்ணாடியை ஒளிக்க வேண்டாம், பேப்பரில் சுற்றி எங்கள் கையிலேயே கொடுக்கட்டும். இதைத் தெருவுக்குச் சொல்ல வேண்டும். எதன் வழியாக? எங்கள் வண்டியில் ஏற்கனவே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டின் முடிவில் ஒரு நிமிஷம் போதும் என்றாள். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

"பாட்ட நிறுத்தினா மேல கேப்பாங்கம்மா."

"நிறுத்த வேணாம் சார். பாட்டு மூச்சு வாங்குற நேரத்துல நாங்க பேசிக்கிறோம்."

"ஒரு வாரம். அதுக்கு மேல ஆச்சுன்னா நான் எதையும் பாக்கல."

முதலில் அவளே பேசிப் பதிவு செய்தாள். நல்ல குரல், காலேஜில் பயிற்சி கொடுத்த குரல். ஒரு நாள் பூரா தெருத்தெருவாக ஓடியது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசித் தெருவில் ஒருவர் மாடியிலிருந்து, "ஃபீஸ் எவ்ளோமா?" என்று கேட்டார். கோச்சிங் சென்டர் விளம்பரம் என்று நினைத்திருக்கிறார். இவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹையா.

அதற்குள் கன்னியம்மாக்கா கையில் கட்டோடு வேலைக்குத் திரும்பிவிட்டாள். "அத்த என்கிட்ட குடு. தெருவுக்குத் தெரிஞ்ச கொரலு என்துதான்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அக்காவின் குரல் ஸ்பீக்கரில் வந்தபோது, "கண்ணாடிய கைல குடு!" என்பது ஏதோ வழிப்பறி மாதிரி இருந்தது. ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். "யாரப் பாத்து குடு கிடுன்றே?"

"உன்னத்தான் நைனா, அன்பாத்தான் கேட்டேன்!" என்று அக்கா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுபடியும் ஹையா. பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

கொட்டகையில் தூண் இருந்த திசையை நான் பார்த்தேன்.

"என்னால ஆகாது பாப்பா" என்றேன். "சின்ன வயசுலேந்தே ஆகாது. நாலு பேர் பாத்தா நாக்கு ஒட்டிக்கும்."

அவள் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் அவளுக்கு. "சரிக்கா" என்று போனைப் பையில் போட்டாள். அது எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. அக்காவின் கட்டைப் பார்த்தேன். கட்டில் அழுக்குப் படாமல் இருக்க மேலே ஒரு பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

"எங்க பாத்து பேசணும்?" என்று கேட்டேன்.

அவள் வண்டியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கன்னியம்மாக்காவையும் திருப்பி உட்கார வைத்தாள். "யாரும் பாக்கல. தெருவுக்குப் பேசாதீங்க. அந்தக் கொழந்தைய இடுப்புல வெச்சிருந்த அக்கா ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாள். போனைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இப்படித்தான் பேசினேன்: "அக்கா... நான் குப்ப வண்டி ஓட்டுறவ பேசுறேன். கண்ணாடி ஒடஞ்சா, கொழந்தைங்க கைய வெக்கக் கூடாதுன்னு பைக்கு அடியில வெக்கிறீங்க. நல்ல மனசுதான். ஆனா அந்தப் பைய நாங்க கையால அவுக்கிறோம்க்கா. இனிமே பேப்பர்ல சுத்தி என் கையில குடுங்க. நான் பாத்து வாங்கிக்குறேன்." இதோடு முடித்திருக்கலாம். நிறுத்தத் தெரியாமல், "போதுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

அதையும் சேர்த்து அப்படியே வைத்துவிட்டாள். பின்னால் ஒரு குக்கர் விசிலும் காக்காயும்கூட இருந்தன. வெட்டச் சொன்னேன். "வெட்டவா?" என்று கேட்டாள். "அந்தக் கடைசி வார்த்தையிலதான்க்கா ஆளு தெரியுது" என்றும் சொன்னாள். யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் முதல் தெருவில் பாட்டு முடிந்து என் குரல் வந்தபோது நான் வண்டியை நிறுத்திவிட்டு நீலத் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். உள்ளே குப்பை தேடுகிற மாதிரி. என் குரல் அப்படியா இருக்கிறது? ஒல்லியாக, யாரையோ எழுப்பக் கூடாது என்று பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு கதவு திறந்தது. எதிர் வீட்டில் இன்னொன்று. "யாரு பேசுறது? அந்த விசில் ஊதுற அக்காவா?" என்று மாடியில் ஒரு குரல் கேட்டது. "அவங்க பேசுவாங்களா?"

மூன்று மாடி ஃப்ளாட்டுக்கு வந்தோம். அந்தத் தென்காசி அம்மா வெளியில் வந்தாள். செய்தித்தாளில் சுற்றி, பூக்கட்டும் நாரால் கட்டிய ஒரு பொட்டலம். மேலே ஸ்கெட்ச் பேனாவால் 'கண்ணாடி, பார்த்து' என்று எழுதியிருந்தாள். இரண்டு கைகளாலும் நீட்டினாள். நானும் இரண்டு கைகளாலும் வாங்கினேன்.

"இன்னாடீ இது, தாம்பூலம் மாத்துற மாறி கீது!" என்றாள் கன்னியம்மாக்கா. "பொண்ணு யாரு, மாப்ள யாரு?"

அந்தப் பெண் தெருவின் நடுவில் குதித்தாள். நிஜமாகவே ஷூ இரண்டும் தரையைவிட்டு எழுந்தன.

அப்புறம் அது ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பியூஸ் போன பல்பு, ஷேவிங் பிளேடு, கண்ணாடி உடைந்த கல்யாண போட்டோ எல்லாம் பொட்டலமாக வந்தன. போட்டோவை மட்டும் உருவிக்கொண்டு கொடுத்தார்கள். ஒரு வீட்டில் உடைந்தது எதுவும் இல்லை. சும்மா அனுப்ப மனசில்லாமல், விரிசல் விட்ட டம்ளரைக் கொண்டுவந்து, "எப்படியும் ஒடையத்தான் போகுது, இப்பவே வெச்சுக்கோ" என்றார்கள். சின்னப் பிள்ளைகள் வண்டியைக் கண்டால் "போதுமா பாப்பா?" என்று கத்த ஆரம்பித்தன. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் ஒரு தெருவில் கத்தவில்லை என்றால், ஏன் இன்னும் கத்தவில்லை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவார்கள், அன்றைக்குத்தான் நிறைய வரும் என்று அவள் கணித்தாள். வெள்ளிக்கிழமை ஒரு பொட்டலம்கூட வரவில்லை. பயந்துவிட்டோம். சனிக்கிழமை காலையில் பார்த்தால் வாசலுக்கு வாசல் பொட்டலம். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் எடுத்து வெளியில் கொடுக்க மாட்டார்களாம், உடைந்த கண்ணாடியாக இருந்தாலும். "மகாலச்சுமி அதுலகூடவா குந்திகினு கீறா?" என்று அக்கா கேட்டாள். ஹையா, நான் தப்பு என்று அந்தப் பெண் தெருவெல்லாம் தட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதான் எங்களுக்குக் கண்ணாடி நாள். சூப்பர்வைசரின் ஒரு வாரம் முடிந்தது. அவர் சொன்னபடியே எதையும் பார்க்கவில்லை.

காலேஜில் பரீட்சை வைத்தவர்கள் முன்னால் அவள் முதலில் தான் தப்பாகச் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். துபாய் ஹார்ட்டு, கோச்சிங் சென்டர், வழிப்பறி எல்லாம். ஒருவர் பொறுக்க முடியாமல், "சரி, ஜெயிச்சதச் சொல்லும்மா" என்றாராம். "அதுக்குத்தான் சார் வழி சொல்லிட்டிருக்கேன்" என்றாளாம். என் குரலைப் போட்டுக் காட்டியபோது கடைசியில் எல்லோரும் சிரித்தார்களாம். பாஸாகிவிட்டாள். எங்களுக்கு அத்தா கடையிலிருந்து ஆளுக்கொரு பித்தளைச் சொம்பு கொண்டுவந்தாள். "இது ஒடையாது" என்றாள்.

இப்போது தருமபுரிப் பக்கம் குடிதண்ணீர் பற்றி ஏதோ பிரச்சார வேலையில் இருக்கிறாள். எப்போதாவது போனில் குரல் அனுப்புவாள். "அக்கா, இங்க வந்தவுடனேயே பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டேன், கேளுங்க!" என்று தொடங்கும். நானும் கன்னியம்மாக்காவும் சாப்பாட்டு வேளையில் போட்டுக் கேட்போம். பதில் அனுப்ப எனக்குக் கூச்சம். அக்காதான் போனை வாயருகில் வைத்துக் கத்துவாள்.

போன மழைக்குப் பிறகு எங்களுக்குப் புது வண்டி வந்தது. பழையதைக் கொண்டுபோனபோது என் குரல் இருந்த சின்னக் கார்டும் அதோடு போய்விட்டது. புது ஸ்பீக்கர் சீல் வைத்த பெட்டி, பாட்டு மட்டும்தான் வரும், எதையும் சேர்க்க முடியாது என்றார் சூப்பர்வைசர். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அக்காவின் உள்ளங்கையில் தையல் தழும்பு இன்னும் ஒரு மண்புழு மாதிரி இருக்கிறது.

"அவ்ளோதான்க்கா" என்றேன். "கேட்டாத்தான் ஞாபகம் இருக்கும். இனிமே எல்லாம் பழையபடி அடியிலதான் வரும்."

அக்கா கொட்டகை பீரோவின் அடியில் கிடந்த பழைய கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பைகளை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வேலை செய்தோம். வியாழன் ஒரு பொட்டலமும் இல்லை. வெள்ளி எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை. புது வண்டி வழவழவென்று போகிறது, பாட்டு மட்டும் பாடுகிறது, பாட்டு முடிந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தச் சும்மா இருந்த நேரத்தில் முதல் கதவு திறந்தது. கையில் பொட்டலம். அடுத்து லைன் வீட்டில் ஒரு பொட்டலம். லுங்கிக்காரர் ஒரு பழைய ட்யூப் லைட்டைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். தென்காசி அம்மா தானாக வரவில்லை. அவளுடைய பிள்ளை நடந்து வந்தது, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவள் கையில் நாரால் கட்டிய பொட்டலம்.

"என்னக்கா, உங்க பேச்சு இன்னைக்கு வரலையே, மேலுக்கு முடியலையோன்னு நினைச்சேன்" என்றாள்.

என் கைகள் இரண்டும் எப்போது சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. நடுத்தெருவில், அத்தனை வாசல்களிலும் ஆட்கள் நிற்கும்போது, நான் அவற்றை ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஹையா, நான் தப்பு!"

வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்த கன்னியம்மாக்கா சட்டென்று நிமிர்ந்தாள். தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கடீ?" என்றாள். "பாப்பா வந்துகீதா?"